ஊசி போட்டு இரண்டாம் நாள் எடுத்த சீ.ஆர்.பி.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "உம்மாவுக்கு 58 வயது. ஆறு வருடமாக மூட்டுவாதம், கிழமைக்கு ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட் குளிசை எடுக்கிறார். திங்கட்கிழமை பைசர் கொரோனா பூஸ்டர் போட்டார். புதன்கிழமை கிளினிக்குக்காக இரத்தம் கொடுத்தபோது, வழமையாக 4 ஆக இருக்கும் சீ.ஆர்.பி. 22. ஈ.எஸ்.ஆர். பழையபடி 34. ஊசி வருத்தத்தைக் கூட்டிவிட்டதா? குளிசையைக் கூட்ட வேண்டுமா?"

திங்கள், புதன். விடையில் பாதி அந்த இரண்டு நாட்களிலேயே இருக்கிறது.

சீ.ஆர்.பி. ஈரல் சுரக்கும் புரதம். உடம்பில் எங்காவது அழற்சி என்றால் இன்டர்லூக்கின்-6 என்ற தூது ஈரலுக்குப் போகும். சில மணித்தியாலங்களில் ஏறத் தொடங்கும் அளவு, இரண்டு நாள் அளவில் உச்சத்தைத் தொடும். நோயெதிர்ப்பைத் தட்டி எழுப்புவதுதானே தடுப்பூசியின் வேலை? உம்மா இரத்தம் கொடுத்தது சரியாக அந்த உச்சத்தில். தூண்டல் அடங்கினால் சுமார் 19 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டு போகும்.

ஈ.எஸ்.ஆர். என்பது இரத்தச் சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம். அதுவும் அழற்சியைக் காட்டும், ஆனால் சோம்பேறி. ஏறவும் நாளெடுக்கும், இறங்கக் கிழமைக்கணக்காகும். அது அசையாததை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். பெண்களுக்கு வயதோடு 10ஐக் கூட்டி இரண்டால் வகுக்கும் கணக்கில் 58 வயதுக்கு 34 வரை பரவாயில்லை. இரத்தச்சோகை இருந்தாலும் அது கூடித்தான் காட்டும்.

என்னைக் கேட்டால், இந்த ரிப்போர்ட்டைவிட உம்மாவின் விரல்களைத்தான் முதலில் பார்ப்பேன். காலையில் கை மடங்க எவ்வளவு நேரமாகிறது? மூட்டு புதிதாக வீங்கியிருக்கிறதா? ஊசியால் வரும் கை நோவும் உடம்பு உளைவும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். வீக்கம் ஒரு கிழமை தாண்டியும் நின்றால், அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசிக்குப் பின் மூட்டுவாதம் கிளம்புவது சிலருக்கு நடப்பதுதான், பெரும்பாலும் இலேசாக.

மெத்தோட்ரெக்சேட்டை நீங்களாகக் கூட்டவே வேண்டாம். சொல்லப்போனால், அது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து என்பதால், ஊசிக்குப் பின் ஓரிரு கிழமை அதை நிறுத்தச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு. இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வில் இரண்டு கிழமை நிறுத்தியவர்களுக்கு எதிர்ப்புடல் ஏறக்குறைய இரு மடங்கானது. ஆனால் அந்த இடைவெளியில் மூட்டு நோவு கிளம்பலாம். அது உம்மாவைத் தெரிந்த வைத்தியர் எடுக்க வேண்டிய முடிவு.

ஒன்று மட்டும் கவனம். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் "ஊசிக் காய்ச்சல்" என்று இருந்துவிடாதீர்கள். மாரி மழைக்குப் பிறகு மட்டக்களப்பில் டெங்கு புதிதல்ல. முழு இரத்தப் பரிசோதனை செய்யும் வரை டைக்ளோபெனாக் என்ற நோவுக் குளிசை வேண்டாம், பனடோல் மட்டும் போதும். நெஞ்சு நோவோ மூச்சுத்திணறலோ வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

சீ.ஆர்.பி.யை இரண்டு கிழமை கழித்து அதே லேப்பில் திரும்பச் செய்யுங்கள். சில லேப் லீற்றருக்கும், சில டெசிலீற்றருக்கும் கணக்குக் காட்டும். லீற்றருக்கு 22 என்பது டெசிலீற்றருக்கு 2.2. கிளினிக் கொப்பியில் ஊசி போட்ட திகதியை இன்றைக்கே எழுதி வையுங்கள், வைத்தியர் முதலில் தேடப்போவது அதைத்தான்.