தென்னாப்பிரிக்காவில் இணையப் போக்கருக்குக் குறுக்கே நிற்கும் அரசியல் எது?

தென்னாப்பிரிக்காவில் கால்பந்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் கைப்பேசியிலேயே சட்டப்படி பணம் கட்ட முடிகிறபோது, இணையப் போக்கர் என்னும் சீட்டாட்டம் மட்டும் ஏன் இன்னும் சட்டவிரோதமாக இருக்கிறது, அதை மாற்றவிடாமல் தடுக்கும் அரசியல் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். டர்பனில் கணக்கராகத் தொழில் செய்பவன் நான். சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் உள்ள குடும்பங்களின் வரிக்கணக்குகளைப் பார்க்கும்போது இந்தச் சட்டச் சிக்கல் அடிக்கடி என் மேசைக்கு வருவதால், பல ஆண்டுகளாக இதைக் கவனித்து வருகிறேன். போக்கரை வீழ்த்தியே தீர வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்ட எதிரிகள் இங்கே அதிகம் இல்லை. ஆனால் அது சட்டமானால் தமக்கு ஆதாயம் என்று கருதும் அதிகாரமுள்ள தரப்பு ஒன்றுகூட இல்லை. பல தரப்புகளுக்கு இப்போதைய நிலையே வசதியாக இருக்கிறது. இதுவே என் விடை. இனி வருவது அதன் விளக்கம்.

முதலில் சட்டத்தின் நிலை. 2004ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தனியாக அனுமதி பெறாத இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடைசெய்கிறது. அச்சட்டத்தை மீறுவோருக்கு ஒரு கோடி ராண்ட் வரை அபராதமோ, பத்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் உடனே "போக்கர் திறமை ஆட்டம் ஆயிற்றே" என்று கேட்கக்கூடும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டங்கள் என்றே ஏற்றுக்கொண்டது உண்மைதான் (2025இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடின்றித் தடைசெய்துவிட்டதால், அந்த வாதத்தின் பயன் அங்கேயும் இப்போது குறைந்துவிட்டது). தென்னாப்பிரிக்காவில் அந்தக் கதவு தொடக்கத்திலேயே சாத்தப்பட்டுவிட்டது. பணம் செலுத்தி ஆடி, பணம் கிடைக்கும் வாய்ப்புள்ள ஆட்டத்தின் முடிவு திறமையால் அமைந்தாலும், தற்செயலால் அமைந்தாலும், இரண்டும் கலந்து அமைந்தாலும் அது சூதாட்டமே என்று 2004ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே இங்கே நீதிமன்றத்தின் வழியாக வெல்ல முடியாது, நாடாளுமன்றம்தான் வழிவிட வேண்டும். வெளிநாட்டில் சர்வரை வைத்துக்கொண்டு தப்பிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது. ஸ்வாசிலாந்தில் உரிமம் பெற்று இங்குள்ளவர்களை ஆடவைத்த ஒரு கசினோவின் வழக்கில், ஆடுபவர் எங்கே அமர்ந்து ஆடுகிறாரோ அங்கேயே சூதாட்டம் நடக்கிறது என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது.

நாடாளுமன்றம் வழிவிடவில்லையா என்றால், விட்டது என்பதுதான் இந்த விவகாரத்தில் மிகவும் வருந்தத்தக்க பகுதி. 2004ஆம் ஆண்டுச் சட்டமே, இணையச் சூதாட்டத்தை முறைப்படுத்தும் சட்டத்தை இரண்டாண்டுகளுக்குள் கொண்டுவர வேண்டும் என்று அமைச்சரைக் கேட்டுக்கொண்டது. அதன்படி வந்த திருத்தச் சட்டம் 2008இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஆனால் அது எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்ற அறிவிப்பு மட்டும் இன்றுவரை வெளியாகவில்லை. இடையில், சூதாட்டத்துக்குப் பொறுப்பான வணிக, தொழில் துறை அமைச்சர் ராப் டேவிஸ் அமைத்த சூதாட்ட மறுஆய்வுக் குழு, எண்ணிக்கையை மட்டுப்படுத்தி உரிமம் தந்து இணையச் சூதாட்டத்தை அனுமதிக்கலாம் என்றே பரிந்துரைத்தது. அதே அமைச்சரின் காலத்தில் 2016இல் வந்த கொள்கை அறிக்கை, புதிய சூதாட்ட வடிவங்கள் எதுவும் வேண்டாம், இருப்பதைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று திசை மாறியது. நிறைவேறிய சட்டத்தை ரத்து செய்யவும் இல்லை, நடைமுறைப்படுத்தவும் இல்லை. ஒரு மக்களாட்சி நாட்டில் இது முறையான நடத்தை அன்று என்றே நான் கருதுகிறேன்.

இந்தத் தயக்கத்தின் வேர் இங்குள்ள கசினோக்களின் வரலாற்றில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பந்தயம் தவிரப் பெரும்பாலான சூதாட்டங்களைத் தடைசெய்திருந்தது. நிறவெறி அரசு "சுதந்திர நாடுகள்" என்று பெயரிட்டு ஒதுக்கிய தாயகப் பகுதிகளில் அந்தத் தடை இல்லாததால், 1979இல் போபுத்தட்ஸ்வானாவில் சன் சிட்டியும், 1981இல் நேட்டால் எல்லையைத் தாண்டிய உடனே டிரான்ஸ்கேயில் வைல்ட் கோஸ்ட் சன்னும் எழுந்தன. புதிய அரசு வந்தபின், 1996ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் 40 கசினோ உரிமங்கள் என்று வரம்பு கட்டியது. குவாசூலு நேட்டாலுக்கு ஐந்து. உரிமம் கேட்டு வந்தவர்கள் வேலைவாய்ப்பும், ஊருக்குக் கண்ணால் காணத்தக்க ஏதாவது ஒரு கட்டடமும் தருவதாக வாக்களித்தார்கள். ஜோகானஸ்பர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட நிறவெறி அருங்காட்சியகமே அப்படி ஒரு கசினோ உரிம விண்ணப்பத்தின் பகுதியாக எழுந்ததுதான். சூதாட்டத்தை அனுமதித்ததற்கு அமைச்சர்கள் மக்களிடம் காட்ட முடிந்த நியாயம் இதுதான்: விடுதிகள், மாநாட்டு மண்டபங்கள், சமையற்கூடத்திலும் காவலிலும் வேலை பெற்ற ஆட்கள். இணையப் போக்கர் நிறுவனத்தால் இதில் எதையும் காட்ட முடியாது. அதன் ஊழியர்கள் சிலரே, அவர்களும் வேறு நாட்டில் இருக்கக்கூடும். தொழிற்சங்கங்களின் ஆதரவில் நிற்கும் ஒரு கட்சி, கசினோ ஊழியர்களின் வேலைக்கு ஆபத்து என்ற குரலைக் கேட்டுவிட்டு, போக்கர் ஆடுவோருக்காகத் தன் அரசியல் மூலதனத்தைச் செலவிடுவதற்குக் காரணமே இல்லை.

மாகாணங்களின் நலன்தான் இதைவிடக் கடினமான முடிச்சு. அரசியலமைப்பின் நான்காம் அட்டவணைப்படி, லாட்டரி நீங்கலான சூதாட்டம் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவான அதிகாரம். உரிமம் தருவதும் வரி வசூலிப்பதும் பெரும்பாலும் மாகாணங்களின் கையில். ஒன்பது மாகாணங்களுக்கும் தாமாகத் திரட்டிக்கொள்ளும் வருவாய் மிகக் குறைவு என்பதால், சூதாட்ட வரியின் ஒவ்வொரு ராண்டும் அவர்களுக்கு முக்கியம். இப்போதைய நடைமுறையில், ஒரு மாகாணத்தில் உரிமம் பெற்ற புக்மேக்கர், அதாவது பந்தயப் பணம் வாங்கும் தொழில் செய்பவர், நாடு முழுவதிலிருந்தும் இணையம் வழியாகப் பந்தயம் வாங்குகிறார். வரியோ உரிமம் கொடுத்த மாகாணத்துக்குப் போகிறது. டர்பனில் உட்கார்ந்து ஒருவர் கட்டும் பணத்தின் மீதான வரி மேற்கு கேப்புக்கோ முமலாங்காவுக்கோ போய்ச் சேரலாம். இதனால் பயனடையும் மாகாணம், தேசிய அளவில் ஒரே உரிமம், பகிர்ந்த வரி என்ற ஏற்பாட்டை ஏன் வரவேற்கப் போகிறது? மாகாணங்களைப் பாதிக்கும் மசோதாக்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய மன்றத்தில் ஒன்பதில் ஐந்து மாகாணங்களின் வாக்கைப் பெற வேண்டும். இணையக் கசினோவைத் தொடாமல் ஒழுங்குமுறை அமைப்பை மட்டும் சீர்திருத்த முயன்ற 2018ஆம் ஆண்டுத் திருத்த மசோதாகூடத் தேசிய அவையைக் கடந்தபின் அந்த மன்றத்தில் சிக்கிச் சமரசக் குழுவுக்குப் போனது. போக்கரையும் உள்ளே சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

ரூலெட் போன்ற மற்ற ஆட்டங்கள் இந்த முடிச்சைச் சுற்றிக்கொண்டு போய்விட்டதையும், போக்கருக்கு அது இயலாததையும் பலர் கவனிப்பதில்லை. ரூலெட் சக்கரம் எங்கோ சுழல்கிறது. அதில் எந்த எண் விழும் என்பதன் மீது, முன்கூட்டியே நிர்ணயித்த விகிதத்தில் புக்மேக்கர் பந்தயம் வாங்குகிறார். இது கசினோ ஆட்டம் அன்று, ஒரு நிகழ்வின் முடிவின் மீதான பந்தயம் மட்டுமே என்பது அவர்களின் சட்ட வாதம். அந்த வாதத்தை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், சில மாகாண வாரியங்கள் அதை ஏற்று அனுமதித்ததால் இணையக் கசினோ நடைமுறையில் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. போக்கரில் ஆடுபவர் நிறுவனத்தை எதிர்த்து ஆடுவதில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். நிறுவனம் ஒவ்வொரு சுற்றின் பணக்குவியலிலிருந்தும் ரேக் என்னும் சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நிர்ணயித்த விகிதத்தில் பந்தயம் என்ற உடையை அதற்கு எப்படியும் மாட்ட முடியாது. புக்மேக்கர்களுக்கோ தமக்குத் தேவையான பெரும்பகுதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 2023/24 நிதியாண்டில் நாட்டின் சூதாட்டத் துறையிடம், வென்றவர்களுக்குக் கொடுத்தது போக, 5,900 கோடி ராண்டுக்கு மேல் மிஞ்சியது. அதில் பாதிக்கு மேல் பந்தயத் தொழிலுக்கே சேர்ந்தது. பழைய கசினோக் குழுமங்களும் இன்று சொந்தமாக இணையப் பந்தயத் தளங்களை நடத்துகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும்படி கேட்டிருக்கக்கூடியவர்களுக்கே இன்று அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

போக்கருக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா நேரத்திலும் எல்லா மேசைகளிலும் போதிய ஆட்கள் இருந்தால்தான் அந்த ஆட்டம் நடக்கும். அமெரிக்காவில் நெவாடா, டெலவேர், நியூ ஜெர்சி ஆகிய மாநிலங்கள் 2013இல் தனித்தனியே இணையப் போக்கரைத் தொடங்கிய பிறகு, ஆட்கள் போதாமல் ஒப்பந்தம் செய்து தங்கள் மேசைகளை இணைத்துக்கொண்டன. இங்கே மாகாணவாரியாக உரிமம் தந்தால் அதே நிலைதான் வரும்; ஒரே மேசையில் டர்பன்காரரும் கேப் டவுன்காரரும் அமர்ந்தால் ரேக்கின் மீதான வரி யாருக்கு என்ற கேள்வி முதல் நாளே எழும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களோடு இணைக்கலாம் என்றால், தோற்ற பணம் ராண்டாக நாட்டை விட்டு வெளியேறும். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டைக் காக்கும் ரிசர்வ் வங்கி அதற்கு எளிதில் இசையாது. ஆக, ஒரு சூதாட்டச் சட்டத்தை மட்டும் திருத்தினால் போதாது. வரிப் பகிர்வு, செலாவணி விதி இரண்டிலும் கைவைக்க வேண்டும்.

அறம், சமயம் சார்ந்த எதிர்ப்பும் உண்டு. ஆனால் அதன் வலிமையைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. தேவாலயங்களும் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சூதாட்டத்தை எதிர்த்தே வந்திருக்கின்றன. ஆனாலும் லாட்டரி வந்தது, கசினோ வந்தது, பந்தயச் செயலிகளும் வந்துவிட்டன. எங்கள் தமிழ்ச் சமூகத்திலும் நிலைமை இரண்டுங்கெட்டான்தான். தூனி என்னும் சீட்டாட்டம் டர்பன் இந்தியர்களின் குடும்பச் சொத்து. கிரேவில் குதிரைப் பந்தயமும் பல தலைமுறைகளாக நம்மவர் பழக்கம். சூதால் நாடிழந்த தருமன் கதையைக் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்களும் இதே வீடுகளில்தான் இருக்கிறார்கள். "இணையச் சூதாட்டம் வேண்டும்" என்று மேடையில் சொல்லி இங்கே எந்த வேட்பாளரும் வாக்குக் கேட்க மாட்டார். எதிர்ப்பவர் குரல் கூட்டத்தில் கேட்கும், ஆடுபவரோ தாம் ஆடுவதை வெளியில் சொல்லவே அஞ்சுகிறார்.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜனநாயகக் கூட்டணியின் ஜியார்டின் ஹில்-லூயிஸ் 2014இல் தொலைநிலைச் சூதாட்ட மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அதே கட்சியின் டீன் மெக்ஃபர்சன் 2024இல் அதே பெயரில் மற்றொன்றைக் கொண்டுவந்தார். முன்னவர் பின்னர் கேப் டவுன் மேயரானார், பின்னவர் பொதுப்பணித் துறை அமைச்சரானார். தனிநபர் மசோதா என்பது அதைத் தூக்கிச் சுமப்பவரின் நேரத்தையும் அக்கறையையும் நம்பியே நகர்கிறது. ஆளுங்கட்சிகளின் முன்னுரிமைப் பட்டியலில் இது ஒருபோதும் இருந்ததில்லை.

என் நிலைப்பாட்டை மறைக்க விரும்பவில்லை. இணையப் போக்கர் கட்டுப்பாட்டோடு சட்டமாக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது நல்ல பொழுதுபோக்கு என்பதற்காக அன்று. தடை இருந்தும் மக்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதற்காக. என் உறவுக்காரப் பையன் ஒருவன் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் வென்ற பணத்தை எடுக்க முயன்றபோது, அவன் கணக்கை முடக்கிவிட்டு அந்தத் தளம் பதிலே தரவில்லை. அவன் யாரிடம் முறையிடுவான்? 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி, சட்டவிரோத ஆட்டத்தில் வென்ற பணம் அவனுக்கு உரியதே அன்று. அது உள்நாட்டு வங்கிக்கு வந்திருந்தால்கூட தேசியச் சூதாட்ட வாரியத்தின் கைக்குப் போய்ப் பறிமுதலாகியிருக்கலாம். ஆட்டப் பழக்கத்தை விட முடியாதவர் தம் பெயரைத் தாமே விலக்குப் பட்டியலில் பதிந்துகொள்ள இங்கே சட்டத்தில் வழி உண்டு. உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டவை. கடன்பட்டுத் தவிக்கும் ஓர் அப்பாவை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டு நிம்மதியடையும் குடும்பத்தை, அவர் அன்றிரவே உரிமமில்லாத தளம் ஒன்றில் உட்கார்ந்துவிட முடியும் என்பது கேலி செய்கிறது. இதை ஒவ்வொரு முறை காணும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால், நான் வணிக, தொழில் அமைச்சகத்தைவிட நிதித் துறையையே கவனிக்கச் சொல்வேன். இணையப் பந்தய வருவாயின் மீது 20 சதவீதத் தேசிய வரி விதிக்கலாம் என்ற யோசனையை 2025 இறுதியில் தேசியக் கருவூலம் கலந்தாய்வுக்கு வெளியிட்டது. மத்திய அரசுக்கே இதில் நேரடிப் பணம் உண்டு என்றான பிறகு, எந்த ஆட்டம் சட்டபூர்வமானது என்பதைத் தெளிவாக்கும் அவசரம் அதற்கு வரலாம். ஆனால் அந்த வரியை ஏற்கெனவே நடக்கும் பந்தயங்களிலிருந்தே வசூலித்துவிட முடியும். போக்கருக்குக் கதவைத் திறக்கத் தேவையில்லை. மாகாணங்களுக்கு அந்த வரியில் பங்கு என்ற உறுதி கிடைத்து, அதற்கு ஈடாக 2008ஆம் ஆண்டுச் சட்டத்தையோ அதன் புதிய வடிவத்தையோ அவை ஏற்றுக்கொண்டால் மட்டுமே போக்கரும் அந்தப் பொதியில் உள்ளே வரும். தனியாகப் போக்கருக்கென்று ஒரு சட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை வெளிநாட்டுத் தளத்தில் நீங்கள் வெல்லும் பணத்துக்கு இந்த நாட்டு நீதிமன்றம் எதிலும் உங்களால் உரிமை கோர முடியாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.