பால்நிலைப் பொறுப்பு தந்திருக்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். பால்நிலை சமத்துவத்துக்குப் பொறுப்பாக என்னைப் போட்டிருக்கிறார்கள். நிதியும் இல்லை, அதிகாரமும் இல்லை. காலாண்டு அறிக்கை மட்டும் கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், செயலமர்வு வைக்காதீர்கள். மார்ச் 8க்கு ஒரு பதாகை, மதியம் சோற்றுப் பார்சல், குழுப்படம். அறிக்கைக்கு அது போதும், கந்தோரில் ஒன்றும் மாறாது. காசு செலவாகாத இடத்தில் கைவையுங்கள். அது படிவம்.

காணிக் கிளை, சமூக சேவைக் கிளைப் படிவங்களை ஒரு பின்னேரம் இருந்து வாசியுங்கள். 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் வரும். வயலில் இறங்குவதும் கடன் கட்டுவதும் மனைவியாக இருந்தாலும் அதில் ஏறுவது கணவர் பெயர்தான். 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் அந்தக் கட்டத்துக்கு முன் பேனையோடு திகைத்து நின்ற பெண்கள் எத்தனை பேர்! கணவர் காணாமற்போனவர். 'விதவை' என்று எழுதக் கை வராது. இப்படிப்பட்ட பெண்களுக்காக 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. சமூகநலக் கொடுப்பனவுகளுக்கு அது செல்லும். ஆனாலும் கவுண்டரில் 'மரணச் சான்றிதழ் கொண்டு வாங்கோ' என்று திருப்பி அனுப்பினால்? அங்கே இருப்பவர் கல்நெஞ்சர் இல்லை. அவர் கையிலுள்ள ஆவணப் பட்டியலில் அந்தச் சான்றிதழின் பெயர் இல்லை, அவ்வளவுதான். பிரதேச செயலாளரிடம் ஒப்புதல் எடுத்து அந்த ஒரு வரியைச் சேர்ப்பிப்பது உங்கள் முதல் வேலையாக இருக்கட்டும்.

காணி இன்னும் சிக்கல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் (தனக்குப் பிறகு காணியைப் பெறுபவர்) பெயர் குறிக்காத காணி பிள்ளைகளுக்கு வரும்போது ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022 திருத்தம் அதை நீக்கியது. சட்டம் மாறினாலும் வாய்ப்பழக்கம் மாறவில்லை. 'மூத்த பெடியன்ர பேரைப் போடுங்கோ' என்று தகப்பன் சொல்ல, நாங்களும் மறுபேச்சில்லாமல் எழுதுகிறோம். பெயர் குறிப்பது அவருடைய உரிமை, சரி. ஆனால் எழுதுமுன் 'மகளின் பெயரையும் குறிக்கலாம் ஐயா' என்று ஒரு வார்த்தை சொல்வதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை.

இனிக் கந்தோருக்குள். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் மாவட்டத்தின் மறுகோடியான துணுக்காயிலிருந்து வருபவர் எப்படித் திரும்புவார்? மோட்டார் சைக்கிள்காரர் கடைசிவரை இருப்பார். பஸ்ஸை நம்பி வந்த பெண், முடிவெடுக்கும் கடைசி அரை மணியில் எழும்பிப் போவார். பிறகு 'பெண்கள் பொறுப்பெடுக்க முன்வருவதில்லை' என்று பேச்சு. மூன்று மாதத்துக்கு யார் எத்தனை மணிக்கு எழும்பிப் போனார் என்று குறித்து, ஒற்றைத் தாளில் மேலதிகாரியிடம் கொடுங்கள். கொள்கை பேசினால் கொட்டாவி விடுகிறவர்களும் எண்ணைப் பார்த்தால் நிமிர்ந்து இருப்பார்கள்.

பிரசவ லீவு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள், தகப்பனுக்கு 3 நாள். பிள்ளை வளர்ப்பு யாருடைய வேலை என்று அரச ஊழியருக்கான தாபன விதிகளே சொல்லிவிடுகின்றன. அதை உங்களால் மாற்ற முடியாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

முறைப்பாட்டுப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று மட்டும் பாருங்கள். நான் வேலை செய்த ஓர் இடத்தில் அது நிர்வாக உத்தியோகத்தரின் கதவுக்கு நேரே இருந்தது. இரண்டு வருடத்தில் அதற்குள் விழுந்தது ஒரு பஸ் டிக்கெட். பெண்கள் கழிவறைப் பக்கம் மாற்றினோம், அந்த மாதமே கடிதம் வந்தது.

அடுத்த காலாண்டு அறிக்கையில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்று எழுதாமல், திருத்திய ஆவணப் பட்டியலின் பிரதியை இணைத்து அனுப்புங்கள்.