சுட்ட பிறகு அடுத்த ரவுண்டு ஏறவில்லையா? முன்னாள் ஆர்மரரிடம் கேள்வி பதில்

சுட்டதும் அடுத்த ரவுண்டை (தோட்டாவை) தானே ஏற்றிக்கொள்ள வேண்டிய செமி ஆட்டோ ரைபிள், ஒரு முறை சுட்டதும் நின்றுபோவது பற்றி நாகர்கோவில் வட்டாரத்து என்.சி.சி. பிள்ளைகளும், ஓய்வுபெற்ற காவலர்களும், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற மார்த்தாண்டத்துக்காரர்.

அண்ணே, நான் தக்கலை. இப்போ டெக்சாஸில் வேலை. லைசென்ஸ் கெடுபிடி இல்லாத ஊர் என்பதால் ஒரு ஏ.ஆர்.-15 வாங்கினேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கையால் இழுக்க வேண்டியிருக்கு. ஸ்பிரிங்கை மாத்தட்டுமா?

ஸ்பிரிங்கில் கை வைக்காதே தம்பி. மேகசினை (தோட்டா அடுக்கும் கூடு) கழற்று, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணால் பார், விரல் விட்டும் பார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

காலித் தோட்டா எங்கே போச்சு? சேம்பரிலேயே இருந்தால் அதை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரையும் சேம்பர் அழுக்கையும் பார்க்கணும். வெளியே வரும் வழியில் மாட்டிக்கொண்டாலோ, வெளியே போயும் அடுத்தது ஏறாவிட்டாலோ, பெரும்பாலும் போல்ட் (சேம்பரை மூடி, சுட்டதும் பின்னால் போய்த் திரும்பும் உறுப்பு) முழுத் தூரம் பின்னால் போகவில்லை. அதை உறுதிப்படுத்த, ரேஞ்சில் மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டுச் சுடு. போல்ட் பின்னாலேயே நின்றால், அதைத் தள்ளுகிற வெடிமருந்து வாயு போதுமான அளவு வருகிறது, உன் சந்தேகம் மேகசின் மேல் திரும்பணும். நிற்காவிட்டால் வேறு மேகசினில் ஒரு முறை செய்து பார். அப்போதும் நிற்கவில்லையா, வாயு குறைகிறது.

புது ரைபிளில் நான் முதலில் பார்ப்பது எண்ணெய். கடையிலிருந்து காய்ந்தபடியேதான் பல ரைபிள் வரும். போல்ட்டைச் சுமக்கும் போல்ட் கேரியர் உரசித் தேய்ந்து பளபளக்கும் இடங்களில் எண்ணெய் இடு. அடுத்து, கேரியரின் தலையில், வாயுவை உள்ளே விடும் சிறு குழாயான கேஸ் கீயின் இரண்டு திருகுகள். அவை அசைந்தால் வாயு அங்கேயே ஒழுகிப்போகும். பிறகு வாயு கசியாமல் அடைக்கும் போல்ட்டின் வளையங்கள். போல்ட்டை முன்னால் இழுத்து, கேரியரைப் போல்ட் முகத்தின் மேல் செங்குத்தாக நிறுத்து. தன் எடையிலேயே கேரியர் கீழே சரிந்தால் வளையம் தேய்ந்துவிட்டது. மூன்று வளையத்தின் இடைவெளியும் ஒரே நேர்கோட்டில் வந்தால் ரைபிள் ஓடாது என்பார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பஃபர் (கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு இருக்கும் எடைக்கட்டை) என்ன எடை என்றும் பார். கார்பைன் பஃபர் சுமார் 85 கிராம், எச்.2 சுமார் 130 கிராம். கனமானதைப் போட்டு மலிவான, வீரியம் குறைந்த தோட்டா சுட்டால் இதே கோளாறுதான் வரும். இவ்வளவும் சரியாக இருந்தும் நின்றால் குழலின் துளையும் அதிலிருந்து வாயுவை எடுக்கும் கேஸ் பிளாக்கும் நேராக இல்லாமல் இருக்கலாம். அதைப் பட்டறையில் கொடுத்துவிடு.

ஆயுதப்படையில் இருந்தபோது எஸ்.எல்.ஆர். ரைபிள் வைத்திருந்தோம் சார். அதன் வாயு ரெகுலேட்டரைத் திறந்தால் போல்ட்டைத் தள்ளும் விசை கூடுமா, குறையுமா? அன்றைக்கும் குழப்பம், இன்றைக்கும் குழப்பம்.

குறையும். பலரும் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைத்து, திறந்தால் அதிகம் வரும் என்று திருப்பிவிடுவார்கள். எஸ்.எல்.ஆரின் ரெகுலேட்டர் மிச்ச வாயுவை வெளியே விடுகிற வழி. அதை மூட மூடத்தான் போல்ட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கு அதிக வாயு போகும். போல்ட் சோம்பினால் ஒவ்வொரு கிளிக்காக மூடிப் பார்க்கணும். ஒரேயடியாக இறுக்கிவிட்டால் உறுப்புகள் மேல் அடி விழும்.

கருங்கல் பக்கம் நம்ம ஊர். நியூசிலாந்தில் முயலுக்கு .22 செமி ஆட்டோ. ஒரு பெட்டித் தோட்டாவில் நன்றாக ஓடுகிறது, இன்னொன்றில் நிற்கிறது.

இதில் பிஸ்டன் கிடையாது. தோட்டாவே பின்னால் உதைத்து போல்ட்டைத் தள்ளுகிறது. நொடிக்கு 380 மீட்டர் வேகத் தோட்டாவில் ஓடும் ரைபிள், 325 மீட்டர்த் தோட்டாவில் அரைகுறையாக நிற்பது சகஜம். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். எந்தப் பெட்டித் தோட்டாவும் சேம்பரிலிருந்து கஷ்டப்பட்டே வெளியே வந்தால், தோட்டா இல்லாமல் டிரிக்கரைத் தட்டிப் பழகியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். .22-இல் தோட்டாவைத் தட்டும் ஊசி சேம்பர் விளிம்பில் அடித்துப் புடைப்பு ஏற்படுத்தலாம். அதைக் கத்தியால் சுரண்டாமல் ஆர்மரரிடம் காட்டுங்கள்.

நான் என்.சி.சி. சார். சத்தம் குறைவாக வந்து போல்ட் திரும்பவில்லை என்றால் கையால் இழுத்து அடுத்ததைச் சுடலாமா?

கூடாது மக்கா, கூடவே கூடாது. இந்தக் கேள்விக்காகவே நான் இதற்கு ஒத்துக்கொண்டேன். டமார் என்று கேட்க வேண்டிய இடத்தில் 'புஸ்' என்று கேட்டால், வெடிமருந்து இல்லாமலோ குறைவாகவோ இருந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அப்போது போல்ட் தானே திரும்பாது. பழக்கத்தில் கையால் இழுத்து அடுத்ததைச் சுட்டால், முன்னால் நிற்கிற குண்டில் இது மோதி குழல் வெடிக்கும். முகத்துக்கு அருகில் இருக்கிறது அந்தக் குழல். சுடுவதை நிறுத்து, கையைத் தூக்கு, இன்ஸ்ட்ரக்டர் வரட்டும். குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று போல்ட்டைக் கழற்றி பின்பக்கமிருந்து பார்ப்பது அவர் வேலை. சத்தமே வராமல் 'டிக்' என்று மட்டும் கேட்டால் வேறு விஷயம்: முனையை இலக்கை நோக்கியே வைத்து 30 நொடி காத்திரு, தாமதமாக வெடிக்கலாம்.

முட்டத்தில் வீடு. கடல் காற்றில் எல்லாம் துருவேறுது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தாராளம், அதையே போடலாமா?

வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கட்டியாகும். ஏசி அறையில் வைத்தால் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கும். மண்ணெண்ணெய் அழுக்கை நீக்கும், ஆனால் துருவைத் தடுக்காது. துப்பாக்கிக்கென்று விற்கிற எண்ணெயை மெல்லியதாக இடுங்கள். சேம்பரையும் தோட்டாவையும் மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தே வையுங்கள். எண்ணெய் பட்ட தோட்டா சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டை அதிகமாக உதைக்கும். துணி உறைக்குள் வைத்து மூடாதீர்கள், உப்பு ஈரத்தைத் துணி பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரே மேகசினில் மட்டும் நிற்கிறது.

அதை ஒதுக்கி வையுங்கள். மேகசின்களில் பெயின்ட்டால் எண் போட்டு, நின்றபோதெல்லாம் எந்த எண் என்று குறித்தால் அரை நாளில் ஆள் பிடிபடும். வாய் விளிம்பு வளைந்திருந்தால் இடுக்கியால் நிமிர்த்துவதைவிடப் புதிது வாங்குங்கள்.