உண்ணி மருந்து பட்டால் கிடா மலடாகுமா?

கேள்வி: உண்ணி போவதற்காக எங்கள் பொலிகிடாவை சைபர்மெத்ரின் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுகிறோம். பூச்சி மருந்து பட்டால் ஆண் விலங்குகளுக்கு விந்தணு குறையும், எலியிலேயே நிரூபித்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: எலியில் பார்த்தது உண்மைதான். ஆனால் எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் தினமும் வாய் வழியாக, வாரக்கணக்கில் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் விரையை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கியிருந்தது, விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது, இருந்தவற்றிலும் பல வால் சுருண்டு, தலை வேறு வால் வேறாகக் கிடந்தன. உங்கள் கிடாவோ எப்போதாவது ஒரு குளியல் போடுகிறது, தோல் வழியாக சைபர்மெத்ரின் உள்ளே போவதும் கொஞ்சம்தான். எனவே லேபிளில் சொன்ன அளவில் கலந்தால் ஒரு குளியலில் மலடாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எனக்குக் கவலை வேறு இடத்தில். 'நாலு சொட்டு சேர்த்து ஊத்து, உண்ணி சீக்கிரம் சாகும்' என்கிற கை இருக்கிறதே, அது. அப்புறம் காலி மருந்து டப்பாவைத் தண்ணீர்த் தொட்டியாக்குவது, மருந்தடித்த வயலில் மறுநாளே மேய விடுவது. இப்படித்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள் போகிறது.

விந்தணு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடி வாங்குகிறது? அதன் மேலுறையில் எளிதில் கெடும் கொழுப்பு அதிகம், எண்ணெய் காறிப்போவதுபோல அதுவும் கெட்டுப்போகும். கெட்டதைச் சரி செய்துகொள்ள மற்ற செல்களில் இருக்கும் சரக்கும் அதனிடம் இல்லை.

கேள்வி: எலியை விடுங்கள், வெளியே வாழும் விலங்குகளில் யாராவது பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் அபோப்கா ஏரி, 1980-இல் பக்கத்து ரசாயன ஆலையிலிருந்து டைகோபால், டிடிடி என்ற பூச்சிக்கொல்லிகள் அடங்கிய கழிவு அதில் கலந்தது. பின்னாளில் அங்கே பிடித்த இளம் ஆண் முதலைகளுக்கு டெஸ்டோஸ்டிரோனும் குறைவு, ஆணுறுப்பும் சிறிது. டிடிடி உடலில் சிதைந்து உண்டாகும் டிடிஇ, ஆண் ஹார்மோன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும் என்று 1995-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். தேனீக்கும் தப்பவில்லை: நியோனிக்கோட்டினாய்டு என்ற வகைப் பூச்சி மருந்து கலந்த மகரந்தம் கொடுத்து வளர்த்த கூடுகளின் ஆண் தேனீக்களில் உயிருள்ள விந்தணு 39 சதவீதம் குறைந்தது, 2016-இல் வெளிவந்த ஆய்வு இது.

கேள்வி: மருந்து அதிகமாகிவிட்டது. பெட்டைகள் சினை நிற்கவில்லை. கிடாவை விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கிடாவின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 47 நாள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் இரண்டு வாரம். அதனால் போன வாரம் மருந்து பட்டு இந்த வாரம் சினை நிற்கவில்லை என்றால் பழியை மருந்தின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள், காய்ச்சலோ கடும் வெயிலோ புருசெல்லா நோயோ இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். விந்தணுவை உண்டாக்கும் மூல செல்கள் தப்பியிருந்தால் அடுத்த ஈடு விந்தணு நன்றாகவே வரும். மருந்து பட்ட தேதியைக் குறித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள், இரண்டு மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு அப்புறம் விற்பதை யோசிக்கலாம்.