கினொசாகியில் ஓர் இரவு: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ஜப்பானைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அவன் அப்பாவுக்கு அறுபது நிறைந்ததையொட்டி எங்களை அங்கே வரவழைத்து, டிசம்பரில் கினொசாகி என்னும் வெந்நீர் ஊற்று ஊரில், ரியோகான் எனப்படும் ஜப்பானிய மரபு விடுதி ஒன்றில் தங்கவைக்க வேண்டும் என்கிறான். இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு ஐம்பதாயிரம் யென் என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரையில் படுத்து வெந்நீரில் குளிப்பதற்கா இவ்வளவு? அதைவிட, அங்கே எல்லோரும் ஆடையில்லாமல் ஒரே தொட்டியில் இறங்க வேண்டுமாம். குற்றாலத்தில்கூட உடுத்திய சேலையோடுதான் அருவிக்குக் கீழே நின்றிருக்கிறேன். நாங்கள் சைவம் வேறு, முட்டையும் தொடுவதில்லை. போகலாமா, வேண்டாமா? போனால் பணியாட்களுக்கு இனாம் கொடுக்க வேண்டுமா?

ச., கோவை

*

அன்புள்ள ச.,

போகலாம், ஆனால் டிசம்பரில் கினொசாகிக்கு வேண்டாம். ஏன் என்பதைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

முதலில் விலை. ரியோகானில் வழக்கமாக அறைக்கு வாடகை சொல்வதில்லை. தங்குகிற ஒவ்வொருவருக்கும் இரவு உணவும் காலை உணவும் சேர்த்தே தொகை சொல்வார்கள். அந்தத் தொகைக்கு அவர்கள் தருவது பிற்பகல் 3 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை ஒழுங்குபடுத்தி வைத்த ஒரு பொழுது. வாசலில் காலணியைக் கழற்றி ஒப்படைத்ததும், கோரைப் பாய் பதித்த அறைக்கு அழைத்துச் சென்று தேநீரும் ஓர் இனிப்பும் வைப்பார்கள். அந்தப் பாயாகிய தத்தாமியில் செருப்புப் படக்கூடாது. யுகாத்தா என்னும் பருத்தி அங்கியை மாற்றிக்கொண்டு குளிக்கப் போக வேண்டும். 6 மணி வாக்கில் உணவு. நீங்கள் சாப்பிட்டு எழும் நேரத்தில் அறையில் ஃபுத்தோன் மெத்தையை விரித்திருப்பார்கள். படுக்குமுன் இன்னொரு குளியல், விடிந்ததும் மற்றொன்று. இந்த ஒழுங்குக்குள் நம்மை ஒப்புக்கொடுத்தால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு.

இதை நான் தெரிந்துகொண்டது பட்ட பிறகுதான். முதல்முறை போனபோது, கியோத்தோவில் இன்னும் ஒரு கோயில், இன்னும் ஒரு தோட்டம் என்று சுற்றிவிட்டு இரவு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக, அதனதன் சூட்டில் வர வேண்டிய பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்களும் ஒரே நேரத்தில் வந்து நின்றன. எங்கள் அறைக்குப் பொறுப்பான பெண்மணி முகம் சுளிக்கவில்லை. எங்களுக்காக அவர் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார் என்பது மட்டும் புரிந்தது. கொடுத்த தொகையில் பாதியை ரயிலிலேயே தொலைத்துவிட்டேன் என்று கொள்ளலாம். ஆகவே உங்கள் மகனிடம் அந்த நாளில் வேறு எதையும் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்களை உறுத்துகிற குளியல். அந்தத் தொட்டி குளிப்பதற்கு உரியதன்று, குளித்து முடித்தவர்கள் அமர்வதற்கு உரியது. இது விளங்கிவிட்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும். தொட்டிக்கு வெளியே சுவரோரமாகக் குட்டையான இருக்கைகளும் குழாய்களும் சோப்பும் இருக்கும். அங்கே உட்கார்ந்து தலைமுதல் கால்வரை தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளி மிஞ்சாமல் கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். அது பலர் அமரும் நீர். உடுத்திய துணியோடு இறங்கினால் துணியின் அழுக்கும் சோப்பும் அதில் கலக்கும் என்பது அவர்கள் கணக்கு. கையில் இருக்கும் சிறு துண்டைக்கூட நீரில் நனைக்காமல் தலைமேல் மடித்து வைத்துக்கொள்வது அதனால்தான்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளியல்கள். வாசல் திரை வழக்கமாகப் பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம். சில விடுதிகளில் இரவில் ஆண்களுக்கு இருந்ததைக் காலையில் பெண்களுக்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் கணவர் முந்தைய நாள் நினைவில் நேராக உள்ளே நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்கம் எனக்கும் இருந்தது. துண்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நான் நுழைந்தபோது உள்ளே எழுபதைத் தாண்டிய மூன்று பாட்டிமார் இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு பாட்டி பார்த்தார். நான் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தேன். முடி நீரில் படக்கூடாது. தம் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி என்னிடம் நீட்டி, முடிந்துகொள் என்று சைகை செய்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதன்பிறகு என் உடம்பைப் பற்றிய நினைப்பே எனக்கு எழவில்லை. ஆனாலும் உங்களால் முடியாது என்றால் வருத்திக்கொள்ள வேண்டாம். பல விடுதிகளில் ஒரு குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணிநேரம், ஒரு மணிநேரம் என்று ஒதுக்கித் தரும் சிறிய தனிக்குளியல் உண்டு. கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளலாம்.

கினொசாகியில், விடுதிக்குள்ளேயே அமைந்த இந்தக் குளியலுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. அவ்வூர் விடுதிக்காரர்கள் முற்காலத்தில் தங்கள் வீட்டுக்குள் வெந்நீரைக் கொண்டுவரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஊர்ப் பொதுக் குளியல்களுக்கே நடந்து போனார்கள். 1925ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் ஊர் அழிந்து மறுபடி எழுந்தபோது, ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே குளியல் அமைக்க முற்பட, ஊற்று யாருக்குச் சொந்தம் என்று வழக்கு மூண்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. உள்ளே சிறிய அளவில் அமைத்துக்கொள்ளலாம், பொதுக் குளியல்களே முதன்மை என்று 1950இல் சமாதானம் ஆனார்கள். அதனால்தான் இன்றும் மாலையில் ஒத்தானி ஆற்றோரம் வில்லோ மரங்களின் கீழே, யுகாத்தாவும் மரச்செருப்புமாக மனிதர்கள் ஒரு குளியலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஏழு பொதுக் குளியல்கள் அவ்வூருக்குப் புகழ் தந்தவை. விடுதியில் தங்குவோர் தனிக் கட்டணமின்றிச் செல்லலாம்.

அந்த அங்கியை அணியும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே மடிப்பது இறந்தவர்களுக்கு. நான் சேலைப் பழக்கத்தில் ஏதோ ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு நடைக்கூடத்தில் வர, எதிரில் வந்த பணிப்பெண் ஒன்றும் சொல்லாமல் அங்கேயே நிறுத்தி அவிழ்த்து மாற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

இனிச் சாப்பாடு. ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்னும் சாறு. அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனும் கொம்பு என்னும் கடற்பாசியும் சேர்ந்தது. தட்டில் காய் மட்டுமே இருந்தாலும் அது வெந்தது மீன்சாற்றில் இருக்கலாம். ‘மீனும் இறைச்சியும் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இது விட்டுப்போகும். ‘மீன்சாறும் வேண்டாம்’ என்று முன்பதிவின்போதே மகன் எழுதிக் கேட்க வேண்டும். இயலாது என்று விடுதி பதில் எழுதினால் அதை மரியாதைக் குறைவாகக் கொள்ள வேண்டாம், அது நேர்மை. கினொசாகியில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை பனி நண்டுக் காலம். நண்டுக்காகவே கூட்டம் வரும், விலையும் ஏறும், நண்டைப் பச்சையாகவும் சுட்டும் கொதிக்க வைத்தும் இரவுச் சாப்பாடு முழுக்க அதுவாகவே அமையும். முட்டையும் தொடாத நீங்கள் அந்த நேரத்தில் அங்கே போய் அந்தத் தொகையைக் கொடுப்பது வீண்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், பயணத்தை அக்டோபருக்கு மாற்றி, முதலில் கோயாசான் மலைக்குப் போவேன். ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலிலும் பிறகு கம்பிவட ரயிலிலும் ஏறிவிடலாம். கூகாய் என்னும் பௌத்தத் துறவி 9ஆம் நூற்றாண்டில் நிறுவிய தலம் அது. சுமார் ஐம்பது கோயில்களில் தங்க இடம் தருகிறார்கள். அங்கே பரிமாறும் ஷோஜின் என்னும் துறவியர் உணவில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட மரபுப்படி கிடையாது. தத்தாமியும் ஃபுத்தோனும் யுகாத்தாவும் அங்கேயும் உண்டு. அதன்பின் கினொசாகியில் உணவில்லாமல் அறை மட்டும் தரும் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டு, கையில் புளியோதரையோடு இறங்கிவிடலாம்.

நீரைப் பற்றியும் சிறிது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஊற்றுவாயில் 25 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தாலே, அல்லது பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்று போதிய அளவில் கலந்திருந்தாலே அது ஓன்சென், அதாவது வெந்நீர் ஊற்று. (அந்தக் கணக்கில் நம் சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகள் பலவும் ஓன்சென்தான்.) குளியல் தொட்டியில் வெப்பம் 40 பாகைக்கு மேல் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவரானால் உங்கள் கணவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். முதல்முறை ஐந்து நிமிடம் போதும், எழும்போது மெல்ல எழ வேண்டும், மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. கினொசாகியின் நீர் உப்பு நீர். குசாத்ஸு போன்ற கந்தக ஊற்றுகளுக்குப் போனால் வெள்ளி கறுத்துவிடும். மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இனாம் கொடுக்கத் தேவையில்லை. பணிக்கான தொகை கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. மனம் கேட்கவில்லை என்றால், அறைக்கு அழைத்துச் செல்லும் பெண்மணியிடம் தொடக்கத்திலேயே, மொய் வைப்பதுபோல் உறையிலிட்டு, இரண்டு கைகளாலும் கொடுங்கள். வெறும் நோட்டாக நீட்ட வேண்டாம். அவர் மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம்.

அன்புடன்.