சொத்துவரி பில்லில் கழிவுநீர்க் கட்டணம்: கழித்துக் கட்டலாமா?

கலிபோர்னியாவில் வீடு வாங்கி முதல் சொத்துவரி பில் வந்திருக்கிறது; அதிலுள்ள கழிவுநீர்க் கட்டணத்தை மட்டும் கழித்துவிட்டு மீதியைக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். இப்படிச் சேர்த்து வசூலிக்க அங்கே சட்டமே இடம் தருகிறது. பாக்கி வைத்தால் அதுவும் வரி பாக்கிதான். முதல் தவணைக்கு டிசம்பர் 10, அடுத்ததற்கு ஏப்ரல் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம் விழும்.

தொகை அதிகமென்று தோன்றினால் கவுண்டியிடம் (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) மல்லுக்கு நிற்காதீர்கள், கழிவுநீர்ச் சேவை தரும் அமைப்புக்காக அவர்கள் வசூலித்துக் கொடுப்பதோடு சரி. பில்லில் அந்தக் கட்டணத்துக்கு நேரே அந்த அமைப்புக்கான ஒரு போன் நம்பர் இருக்கும். கூப்பிட்டு, உங்கள் மனையில் எத்தனை குடியிருப்பு என்று பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். தனி வீட்டை இரண்டு குடியிருப்பாகப் போட்டிருந்தால் தொகை எகிறத்தானே செய்யும்!

அப்புறம், வருமானவரியில் சொத்துவரிக் கழிவு கோரும்போது இதைச் சேர்க்காதீர்கள். இது சேவைக் கட்டணம்.