வாசகர் கேள்வி பதில்: ஆளுக்கொரு இடம், அனைவருக்கும் ஒரே கூட்டம்

வீட்டிலிருந்தும் வெவ்வேறு இடங்களிலிருந்தும் இணைந்து பணிபுரியும் குழுக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் 12 பேர். தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று எங்கள் மேலாளர் தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம் காணொளிக் கூட்டம் நடத்துகிறார். ஒவ்வொருவரும் நேற்று செய்ததையும் இன்று செய்யப்போவதையும் சொல்லி முடிப்பதற்குள் வேலை செய்யும் உற்சாகமே போய்விடுகிறது. இதை எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் உங்கள் மேலாளரின் கவலையில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இருக்கைகளுக்கு இடையிலான தொலைவு கூடக் கூடப் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எவ்வளவு குறைகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் ஆராய்ந்தார். ஒரே நிறுவனத்தில் இருந்தாலும், ஏறத்தாழ 50 மீட்டரைத் தாண்டிவிட்டால் அவர்கள் அடிக்கடி பேசிக்கொள்வது அரிதாகிவிடுகிறது என்று அவர் கண்டார். ஆளுக்கொரு வீட்டில் இருக்கும் குழுவுக்கு ஒரு பொறுப்பாளர் அஞ்சுவது இயல்புதான். அந்த அச்சத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த மருந்துதான் பொருந்தவில்லை. 12 பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 18 மணி நேர உழைப்பு செலவாகிறது. அதில் ஒவ்வொருவரும் பேசுவது ஏழரை நிமிடம், காத்திருப்பது 82 நிமிடத்துக்கும் மேல்.

நேற்று என்ன செய்தோம் என்பது தகவல். தகவலைக் கேட்பதைவிடப் படிப்பது விரைவானது; தமக்குத் தொடர்பில்லாததைத் தாண்டிச் செல்லவும், மூன்று நாள் கழித்துத் தேடி எடுக்கவும் எழுத்தில் மட்டுமே முடியும். ஆகவே, காலையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் குழுவின் பொது இடத்தில் ஒவ்வொருவரும் நான்கைந்து வரி எழுதிவிடலாம் என்று உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள். "கட்டணப் பக்கத்தின் பிழை சரிசெய்யப்பட்டது, சோதனை மட்டும் பாக்கி. அறிக்கைக்கான பழைய தரவு இன்னும் கைக்கு வரவில்லை. இன்று மதியத்துக்குள் வராவிட்டால் வெள்ளிக்கிழமைக் கெடு தவறும்." இப்படி எழுதினால் போதும். இதில் இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் கூட்டம் தேவை. எங்கே சிக்கியிருக்கிறது என்று எழுதியவரும் அதை அவிழ்க்கக்கூடியவரும் பதினைந்து நிமிடம் பேசட்டும். மற்ற பத்துப் பேர் தங்கள் வேலையைப் பார்க்கட்டும்.

கூட்டமே வேண்டாம் என்று கேட்காதீர்கள். இரண்டு வாரம் இப்படிச் செய்து பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழைய முறைக்கே திரும்புவோம் என்று கேளுங்கள். பெரும்பாலான மேலாளர்கள் சோதனைக்கு இசைவார்கள்.

முடிவெடுக்க வேண்டிய கூட்டங்களுக்கும் எழுத்துதான் அடித்தளம். அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004ஆம் ஆண்டில் மூத்த நிர்வாகிகளின் கூட்டங்களிலிருந்து பவர்பாயின்ட் காட்சிகளை விலக்கிவிட்டு, முழு வாக்கியங்களில் எழுதிய அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். பின்னர் ஆறு பக்க அறிக்கை என்று நிலைபெற்ற அதனைக் கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாகப் படித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்கள். ஆறு பக்கம் உங்களுக்குத் தேவைப்படாது, ஒரு பக்கமே போதும். ஆனால், எதை முடிவு செய்ய வேண்டும், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எழுதியவர் எதைப் பரிந்துரைக்கிறார் என்ற மூன்றும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதை எழுத முடியாத கூட்டத்தை ஒத்திவைப்பதே நல்லது.

கூட்டம் முடிந்தபின் எழுதும் குறிப்பை நான் இதைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். நான் முன்பு பொறுப்பேற்றிருந்த குழுவொன்றில், ஒரு மென்பொருளை வாங்குவதா நாங்களே உருவாக்குவதா என்ற விவாதம் ஓராண்டுக்குள் மூன்று முறை அதே வாதங்களோடு நடந்தது. முதல் முறையே முடிவெடுத்திருந்தோம்; ஆனால் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை நான் எங்கும் எழுதிவைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு கேட்டதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். அந்தத் தவறு என்னுடையது. அதன்பின், முடிவு என்ன, யார் செய்வார், எப்போதைக்குள் என்பவற்றோடு, எந்த வழியைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்பதையும் அன்றே எழுதிவிடுவது எனக்கு வழக்கமாயிற்று.

கேள்வி: காணொளிக் கூட்டங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் "நீங்கள் சொல்லுங்கள்" என்று நிறுத்திவிடுகிறார்கள். குரல் உயர்ந்தவர்களே கடைசியில் பேசுகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் வாய் திறப்பதே இல்லை. இது அவர்களுடைய கூச்சமா?

பதில்: கூச்சம் சிறு பங்குதான்; பெரும் பங்கு தாமதத்தினுடையது. ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லி நொடி அளவே இடைவெளி இருப்பதாகப் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நேரில் பேசும்போது இதை நாம் எண்ணாமலேயே செய்கிறோம். இணையத்தின் வழியே குரல் போய்ச்சேர ஒரு வழிக்கு 300 மில்லி நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்வி கேட்டு முடிக்கிறீர்கள். அது எதிரில் இருப்பவரை எட்ட 300, அவர் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளும் இடைவெளி 200, அவர் குரல் திரும்பி வர இன்னொரு 300. அவர் உடனே பதில் சொன்னாலும் உங்கள் காதில் விழ 800 மில்லி நொடி கடந்துவிடுகிறது. யாரும் பேச விரும்பவில்லை போலும் என்று எண்ணி நீங்களே மீண்டும் தொடங்குகிறீர்கள். அந்த நொடியில் அவர் குரல் வந்து மோதுகிறது. இப்படி இரண்டு முறை இடறியவர் மூன்றாம் முறை முயல்வதில்லை. ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பது இதனால்தான்.

கம்பி வழி இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். புளூடூத் ஹெட்செட்டும் தன் பங்குக்குத் தாமதத்தைச் சேர்க்கிறது. ஆனால் கருவியைவிட, கூட்டத்தை நடத்துபவரின் பழக்கமே இதில் அதிகம் உதவும். கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பேசட்டும். கையுயர்த்தும் பொத்தானை எல்லோரும், மேலாளர் உட்பட, பயன்படுத்தட்டும். ஒருவரிடம் கருத்துக் கேட்பதானால் பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பின்னால் சொல்வது நல்லது. கேள்வியை முடித்துவிட்டுப் பெயரைச் சொன்னால், அதுவரை வேறெங்கோ கவனம் வைத்திருந்தவர் எல்லோர் முன்னும் திணற நேரிடும். மாதக்கணக்கில் பேசாதவர்களுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த வழி, விவாதத்தைத் தொடங்குமுன் மூன்று நிமிடம் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு ஒரே ஆவணத்தில் தங்கள் கருத்தை எழுதுவது. பதவியில் மூத்தவர் கடைசியில் பேசுவது. வாய் திறக்காத ஒருவர் எழுதிய ஒரு வரி கூட்டத்தின் போக்கையே மாற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவரிடம் கருத்து எப்போதும் இருந்தது, நுழைய இடைவெளிதான் இல்லை.

கேள்வி: எல்லாக் கூட்டங்களிலும் கேமராவைக் கட்டாயம் இயக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்திருக்கிறார்கள். மாலைக்குள் தாளாத களைப்பு. சரியா இது?

பதில்: கட்டாயமாக்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் இக்களைப்புக்கு நான்கு காரணங்களைக் குறிப்பிட்டார்: மிக அருகில் பல முகங்கள் இடைவிடாமல் நம்மைப் பார்ப்பது, நாள் முழுதும் நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பது, நாற்காலியை விட்டு நகர முடியாமை, தலையசைப்பையும் பார்வையையும் முயன்று வெளிப்படுத்த வேண்டியிருக்கும் மனச்சுமை. உங்கள் முகம் உங்களுக்கு மட்டும் தெரியாதபடி மறைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. இன்றே அதைச் செய்யுங்கள். திரை முழுதும் விரித்திருக்கும் சாளரத்தைச் சிறிதாக்குங்கள். புதியவரை வரவேற்கும்போதும், ஒருவரிடம் மனம் நோகக்கூடிய செய்தியைச் சொல்லும்போதும் முகம் தெரிய வேண்டும். இருபது பேர் ஓர் அறிக்கையைக் கேட்கும் கூட்டத்தில் அது எதற்கு?

கேள்வி: "வணக்கம், இருக்கிறீர்களா?" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் சக ஊழியர்களிடம் எப்படிச் சொல்வது?

பதில்: வணக்கத்தோடு விஷயத்தையும் ஒரே செய்தியில் எழுதுவது மரியாதைக் குறைவு அல்ல, மற்றவர் நேரத்துக்குத் தரும் மரியாதை என்று அன்பாகச் சொல்லுங்கள், நீங்களும் அப்படியே எழுதிக் காட்டுங்கள். "வணக்கம். நாளை அனுப்பும் விலைப்பட்டியலில் 14ஆம் வரிசைக்கு வரி சேர்ந்திருக்கிறதா? மாலை 4 மணிக்குள் தெரிந்தால் போதும்." எப்போதைக்குள் வேண்டும் என்ற அந்தக் கடைசி வாக்கியம் பெறுபவரின் பதற்றத்தை முழுவதுமாகப் போக்கிவிடும்.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப் பேர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். கூட்டம் எப்போதும் எங்களுக்குத்தான் இரவில் வருகிறது. போதாக்குறைக்கு மார்ச் மாதத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தவறி வந்து நிற்கிறார்.

பதில்: மார்ச் குழப்பத்துக்குக் காரணம் கோடைக்கால நேர மாற்றம். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்றும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வழக்கமான ஐந்து மணி நேரம் நான்காகிவிடும். ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறன்றும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்றும் திரும்புவதால், அங்கும் ஒரு வாரம் இதே தொல்லை. இந்த நான்கு தேதிகளையும் குழு நாட்காட்டியில் குறித்து, எந்த நகரத்தின் நேரத்தை வைத்துக் கூட்டம் நிலையாக இருக்கிறது என்பதை அழைப்பிலேயே எழுதிவையுங்கள்.

இரவு உங்களுக்கு மட்டுமே வருவது குழப்பம் அல்ல, அநீதி. நேரத்தைச் சுழற்சி முறையில் மாற்றக் கேளுங்கள்: ஒரு மாதம் நீங்கள் விழித்திருந்தால் அடுத்த மாதம் அவர்கள் விடியலில் எழட்டும். வர இயலாதவர் தம் கருத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பவும், முடிவை உறுதியாக்குமுன் ஒரு நாள் காத்திருக்கவும் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை நேரத்துக்குப் பின் வரும் செய்திகளைப் பொறுத்தவரை, பணித் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பிரான்சில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. உங்களுக்குச் சட்டம் துணை இல்லாவிட்டாலும், செய்தியை எழுதி, பெறுபவரின் காலை நேரத்தில் போய்ச்சேரும்படி அமைத்து அனுப்பும் வசதி பல மின்னஞ்சல், அரட்டைச் செயலிகளில் இருக்கிறது. அதை முதலில் பயன்படுத்த வேண்டியவர் குழுவின் தலைவர். அவர் நள்ளிரவில் அனுப்பும் ஒரு செய்தியை "காலையில் பார்த்தால் போதும்" என்ற குறிப்போடு அனுப்பினாலும், பெறுபவர் அதை அப்போதே திறந்து படித்துவிடுவார்.